ஈர மண்ணில் மூன்று குச்சி

நாற்கரைக் கூட்டின் பத்தாம் ஆண்டு மலருக்கு, எங்கள் கரையில் வேலை பார்த்த யாராவது ஒருவரைப் பற்றி எழுதித் தரச் சொல்லி மேலதிகாரி என்னிடம் நாலு வெள்ளைத் தாளைக் கொடுத்தார். "ரெண்டு பக்கம் வந்தாப் போதும்மா. யாரைப் பத்தி வேணும்னாலும் எழுதுங்க. குச்சியாரைப் பத்தி மட்டும் வேண்டாம்" என்றார். 'மட்டும் வேண்டாம்' என்று சொன்னால் எனக்குக் கை குறுகுறுக்கும். கல்யாணமான புதிதில் என் மாமியார், "அந்த அலமாரியை மட்டும் திறக்காதே" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் திறந்து பார்த்துவிட்டேன், உள்ளே பழைய துணிதான் இருந்தது. ஆகவே குச்சியாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன். நாலு தாளும் தேவைப்படும்.

குச்சியார் எங்கள் கிழக்குக்கரைப் படகுத்துறையில் சோதனைக்காரர். பதினெட்டு வருஷம். ஒல்லி, நெட்டை, கொஞ்சம் கூன். சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு கட்டு ஐஸ் குச்சி இருக்கும். குச்சியின் நுனியில் வேர்க்கடலை விழுதைத் தடவி, செடியின் அடியிலும் கிளைக் கவட்டிலும் வைத்து, ஒரு மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பதுதான் அவர் வேலை. எறும்பு ஏறியிருந்தால் அந்தச் செடி படகேறாது. பதினெட்டு வருஷம் வேர்க்கடலையோடு புழங்கியதில் அவர் மேலேயே அந்த வாசனை ஊறிப்போய், தெரு நாய்கள் இரண்டு எப்போதும் அவர் பின்னால் வரும். "பாதுகாப்புக்கு ஆள் வெச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்பேன். சிரிக்க மாட்டார். கல்லுளிமங்கன். ஆனால் மறுநாள் நாய்களுக்கும் ஒரு குச்சி தடவிக் கொண்டுவருவார்.

நான் துறையின் சோதனை அறையில், செடி படகேறலாம் என்று சீட்டு எழுதுகிறவள். அவர் சோதனை செய்வார், நான் சாட்சிக் கையெழுத்துப் போடுவேன். ஒவ்வொரு சீட்டிலும் இரண்டு கையெழுத்து வேண்டும் என்பது நாலு கரைக்கும் பொதுவான விதி.

நாலு கரை என்றால், எங்கள் ஏரியைச் சுற்றி நாலு ஊர். ஏரி பெரிது. எதிர்க்கரைக்குப் போகப் படகில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும். நெருப்பெறும்பு முதலில் எங்கள் கரைக்குத்தான் வந்தது, எங்கிருந்தோ வந்த மரச்சட்டங்களில். கடுகில் பாதிகூட இருக்காது. செங்காவி நிறம். மரத்தின் உச்சியில் கூடு கட்டும். கீழே நின்று பழம் பறித்தால் கழுத்தில், முதுகில் கொட்டென்று உதிரும். கடித்த இடம் மூன்று நாள் எரியும். ஆடு, கோழி, பூனைகளுக்குக் கண்ணில்தான் கடி. நாளாக நாளாகக் கண்ணில் வெள்ளை விழுந்து குருடாகிவிடும். எங்கள் கரையில் பழத்தோட்ட வேலைக்கு ஆள் கிடைக்காமல் பாதித் தோட்டங்கள் புதராகிப் போனது இந்தக் கடுகுப் பாதியால்தான்.

கூட்டு வருவதற்கு முன்னால் அவரவர் கரையை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் மருந்து வைப்போம், தெற்குக்கரை வைக்காது. அவர்கள் வைக்கிற வருஷம் எங்களிடம் மருந்து இருக்காது. எறும்பு மட்டும் படகில் சீட்டு வாங்காமல் போய்வந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டு வாசலுக்குக் குப்பையைத் தள்ளிவிட்டு நம் வீடு சுத்தம் என்று சொல்கிற கதைதான். பத்து வருஷத்துக்கு முன்னால் நாலு ஊரும் உட்கார்ந்து பேசி, ஒரே மாதிரிச் சீட்டு, ஒரே மாதிரிக் குச்சி, புதன்கிழமை காலை பத்தரைக்கு நாலு கரையும் ஃபோனில் கணக்குச் சொல்வது, எந்தக் கரையில் எறும்பு வந்தாலும் நாலு கரை ஆட்களும் அங்கே போய் இறங்குவது என்று முடிவு செய்தார்கள். மேற்குக்கரையில் அப்போது எறும்பு இல்லை. அதை அப்படியே காப்பாற்றிவிட்டால் போதும் என்பதுதான் மொத்தக் கூட்டின் நோக்கமே.

குச்சியார் அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு வரி பேசினார். "மழையில குச்சி பொய் சொல்லும்" என்றார். மண் நனைந்தால் எறும்பு மேலே வராது, விழுதும் ஊறிப்போகும், குச்சி சுத்தமாக இருக்கும். அதனால் மண் காய்ந்து, வெயில் ஏறிய பிறகுதான் வைக்க வேண்டும் என்றார். அதை அப்படியே விதியாக்கிச் சீட்டில் ஒரு கட்டம் போட்டார்கள். 'மண் காய்ந்திருந்ததா? ஆம் / இல்லை.' அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டியது சாட்சி. அதாவது நான்.

அவருக்கு ஒரே மகள். மேற்குக்கரையில் கட்டிக்கொடுத்திருந்தார். அவள் சின்ன வயதில் விதை போட்டு முளைத்த எலுமிச்சை ஒன்று இவர் வீட்டுத் தொட்டியில் இடுப்பளவு வளர்ந்திருந்தது. அதைக் கொண்டுவாங்கப்பா என்று இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். சோதனை செய்து சீட்டு வாங்கினால் யார் வேண்டுமானாலும் செடி கொண்டுபோகலாம், விதியில் தடை ஒன்றும் இல்லை. இவர்தான் மாட்டேன் என்றார். சோதனைக்காரரே செடி தூக்கிக்கொண்டு போனால் பார்க்கிறவன் என்ன நினைப்பான் என்பார். கடைசியில் மகள் ஃபோனில், "ஊருக்கெல்லாம் சீட்டு எழுதறீங்க. பெத்த பொண்ணுக்கு ஒரு சீட்டு எழுத உங்களுக்கு மனசு வரல" என்று சொல்லி வைத்துவிட்டாள். அன்று நாய்களுக்குக்கூடக் குச்சி இல்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. "ஏண்ணே, புது வீட்டுக்குக் குடி போகப்போறா. ஒரு செடி. உங்க வீட்டுல எறும்பு கிடையாதுன்னு உங்களுக்கே தெரியும். கொண்டுபோய்க் குடுங்க" என்றேன். அவர் வீட்டில் உண்மையிலேயே எறும்பு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சொந்த வீட்டிலேயே குச்சி வைத்துப் பார்க்கிற ஆள். சரி என்று தலையாட்டினார். செவ்வாய்க்கிழமை தொட்டியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார். வியாழக்கிழமை காலை எட்டு மணிப் படகு. இரண்டு நாள் அதை எங்கே வைப்பது என்று அவர் யோசித்தபோது, "நம்ம ரூமுக்குப் பின்னாடி நிழல்ல வெச்சிடுங்க, தண்ணி நான் ஊத்தறேன்" என்று சொன்னதும் நான்தான். அறைக்குப் பின்னால் துறையின் பழைய மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. அந்தக் கட்டைகளில் எறும்பு உண்டு என்பது என் பெயர் எனக்குத் தெரிகிற மாதிரி தெரிந்த விஷயம். அன்று அது ஏன் நினைவுக்கு வரவில்லை என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததிலிருந்து தூறல். அவர் ஏழு மணிக்குத் தொட்டியில் மூன்று குச்சி வைத்தார். ஏழரைக்கு எடுத்தார். மூன்றும் சுத்தம். "ஒரு மணி நேரம் ஆகலயே" என்று அவரே சொன்னார். படகுக்காரன் சங்கு ஊதினான், சீட்டு எழுதித் தொட்டியை ஏற்றவே அரை மணி ஆகும். அடுத்த படகு சாயங்காலம் நாலு மணிக்கு, மகள் குடிபோவது காலை பத்து மணிக்கு. என் குடையிலிருந்து மேஜை மேல் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அந்தத் தண்ணீரைப் புறங்கையால் தள்ளிவிட்டுத்தான் சீட்டை வைத்தேன். 'மண் காய்ந்திருந்ததா?' ஆம் என்று டிக் போட்டேன். கூட்டு வந்த ஆறேழு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் முறை போட்ட டிக், கை தானாகப் போட்டது. கீழே கையெழுத்துப் போட்டேன். அவர் அந்தக் கட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சீட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு படகேறினார்.

எட்டு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு புதன்கிழமை பத்தரை மணிக்கு மேற்குக்கரை அதிகாரி அம்மா ஃபோனில், "துறைக்குப் பக்கத்துல மரக்கடை. ஆறு குச்சியில எறும்பு" என்றார். சுத்தமாக இருந்த ஒரே கரையும் போயிற்று. குச்சியார் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

விஷயம் மளமளவென்று நடந்தது. மரக்கடைக்காரர் வெளியூர்ச் சட்டங்களைச் சோதனை இல்லாமல் இறக்கினார் என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் இல்லை இல்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். கடையைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். கடையை நடுவில் வைத்து முந்நூறு மீட்டர் வட்டம் போட்டு மருந்து வைப்பது என்று தீர்மானம். மருந்து ஒரு சுற்றுக்குத்தான் இருந்தது. மூன்று வாரத்தில் மழைக்காலம் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு வைத்தால் மருந்து கரைந்து போகும். வட்டம் சரியாக விழுந்தால் கரை பிழைக்கும், தப்பினால் அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை குச்சியார் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை ஒருநாளும் வந்ததில்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன், உட்காரவில்லை.

"பொண்ணு ஃபோன் பண்ணாம்மா" என்றார். "அவ வீட்டுப் பூனைக்குக் கண்ணுல வெள்ளை விழுந்திருக்காம். எலுமிச்சைக்குக் கீழ துணி காயப்போட்டா கழுத்தெல்லாம் எரியுதாம்."

அவள் வீடு துறையிலிருந்து மேலே மேட்டுத்தெருவில். வட்டத்துக்கு வெளியே, அரை மைல் தள்ளி. செடி நட்ட பிறகு, தோட்டத்தில் மிச்சமிருந்த கட்டட மண்ணை அள்ளிக்கொண்டு போன வண்டி மரக்கடை வாசலில்தான் நின்றதாம். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டது.

"நாளைக்குக் கூட்டத்துல சொல்லிடறேன்" என்றார்.

இந்த இடத்தில் நான் என்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று. "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். "அவங்க வட்டத்தையே பெருசா போடுவாங்களோ என்னவோ. மேட்டுத்தெருவுக்கு நாமளே போய் மருந்து வெச்சிட்டு வந்துடலாம், யாருக்கும் தெரியாம." என் புருஷன் இடுப்பு முறிந்து படுத்திருந்த சமயம், வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். அதையும் சொன்னேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன், அதுவும் ஒரு கரையையே காவு கொடுத்து.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். "மரக்கடைக்காரருக்கும் புள்ளைங்க இருக்காங்கம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மேற்குக்கரை அலுவலகத்தில் கூட்டம். நீள மேஜை, சுவரில் கரையின் வரைபடம், அதில் மரக்கடையைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலில் வட்டம். நாலு கரை ஆட்களும் இருந்தோம். மரக்கடைக்காரர் கதவுப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், யாரும் உட்காரச் சொல்லவில்லை. குச்சியார் எழுந்து நேரே வரைபடத்துக்குப் போனார். மேட்டுத்தெருவில் ஒரு புள்ளி வைத்தார்.

"இங்கேருந்து வந்தது. என் பொண்ணு வீடு. செடி நான் கொண்டு வந்தேன். மழையில குச்சி வெச்சேன், அரை மணி நேரத்துல எடுத்தேன். சீட்டு எண் நானூத்திப் பதினேழு, உங்க ஃபைல்லயே இருக்கு. வட்டத்தை இங்க மாத்துங்க" என்றார். பிறகு மரக்கடைக்காரரைப் பார்த்து, "மன்னிச்சிடுங்கய்யா" என்றார்.

அதிகாரி அம்மா கோப்பை எடுத்துவரச் சொன்னார். சீட்டைப் பார்த்தார். "மண் காய்ந்திருந்ததுன்னு டிக் போட்டிருக்கே. சாட்சி யாரு?" என்று நிமிர்ந்தார்.

நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை.

"அதுவும் நான் போட்டதுதான்" என்றார் குச்சியார். "சாட்சிக் கையெழுத்தையும் நானே போட்டுக்கிட்டேன். அந்தம்மா அப்ப ரூம்ல இல்ல."

அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு இது தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

ஒரே ஒரு வார்த்தை. என் நாக்கு அதற்கு முன்னும் பின்னும் எவ்வளவோ பேசியிருக்கிறது, எவ்வளவோ பேரைக் கிண்டல் செய்திருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு அது அழுகியிருக்க வேண்டும்.

திரும்பி வரும்போது படகில் இரண்டு பேரும் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தோம். பாதி ஏரி தாண்டிய பிறகு கேட்டேன். "ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"வெச்ச குச்சி என்னுது. நீ டிக்தானே போட்டே."

"டிக் போட்டதும் தப்புதானே?"

"தப்புதான்" என்றார் யோசிக்காமல். சமாதானம் சொல்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. "ஆனா ரெண்டு பேரையும் எடுத்துட்டா நம்ம துறையில குச்சி வெக்கத் தெரிஞ்ச ஆளு யாரு? அஞ்சு மாசம் அந்தக் கரையில வேலை இருக்கு. இங்கேயும் காவல் வேணும். ஒரு ஆள் இருக்கணும்மா."

விசாரணை முடிவு இரண்டு வாரத்தில் வந்தது. அதை நான்தான் முதலில் படித்தேன், தபால் பிரிப்பது என் வேலை. ஈர மண்ணில் சோதனை செய்தது கவனக்குறைவு, தானாக முன்வந்து ஒப்புக்கொண்டதால் எழுத்து மூலம் கண்டித்து விட்டுவிடலாம் என்று முதல் பத்தி. அடுத்த பத்தி, சாட்சியின் கையெழுத்தைத் தானே போட்டது மோசடி, ஆகவே பணிநீக்கம், ஓய்வூதியம் கிடையாது. அவர் செய்த தப்புக்கு ஒரு காகிதம்தான் தண்டனை. அவர் செய்யாத தப்புக்குத்தான் பதினெட்டு வருஷமும் போயிற்று. அந்தத் தப்பு நடக்கவே இல்லை என்று சொல்லக்கூடிய ஆள் உலகத்தில் நான் ஒருத்திதான் இருந்தேன்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். "நான் போய்ச் சொல்லிடறேண்ணே" என்றேன். அவர் இரண்டு தடவை படித்து மடித்து வைத்தார். "விடும்மா" என்றார். நான் விட்டுவிட்டேன். அவர் இன்னொரு தடவை சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. வாசல்படி இறங்கும்போது என் மனது லேசாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் இந்த நாலு தாளும் பொய்.

வட்டம் மேட்டுத்தெருவுக்கு மாறியது. நாலு கரையிலிருந்தும் நாற்பது பேர் போய் ஐந்து மாதம் வேலை செய்தோம். மழைக்கு முன்னால் மருந்தை வைத்து முடித்தோம். பதினொரு தோட்டங்களில் கூடு இருந்தது. சிவப்பு வட்டம் பழைய இடத்திலேயே விழுந்திருந்தால் அதில் ஒன்றுகூட உள்ளே வந்திருக்காது. மரக்கடையில் எறும்பு ஏறியிருந்த கட்டைகளை மட்டும் எரித்துவிட்டு, கடையைத் திறந்துவிட்டார்கள். அந்த எலுமிச்சையை உறையில் கட்டி வெட்டி எரித்த அன்று மகள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் கேட்டிருக்கவே கூடாதுப்பா" என்று அழுதாள். "நீ செடிதானே கேட்டே. எறும்பு நான் கொண்டு வந்தது" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. நான் மருந்து வாளியோடு ஐந்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் அன்று கையில் வாளி வைத்திருந்தது.

அவர் இப்போது மகள் வீட்டிலேயே இருக்கிறார். பூனைக்கு ஒரு கண் போய்விட்டது, அவர் மடியிலேயே கிடக்கிறதாம், வேர்க்கடலை வாசனைக்குத்தான் இருக்க வேண்டும். மேட்டுத்தெருக்காரர்கள் கேட்டுக்கொண்டதால், சம்பளம் இல்லாமல் அந்தப் பதினொரு தோட்டங்களுக்கும் அவர்தான் குச்சி வைக்கிறார். அவர் நாற்காலியை எனக்குக் கொடுத்துவிட்டார்கள். 'பொறுப்புச் சோதனையாளர்' என்று கதவில் பலகை. அதன் கீழ் நுழையும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொள்கிறேன், கதவு ஒன்றும் அவ்வளவு தாழ்வு இல்லை.

புதன்கிழமை பத்தரைக்கு அவர் குரலும் ஃபோனில் வரும். "மேட்டுத்தெரு. முப்பத்து மூணு குச்சி. எறும்பு இல்ல" என்பார். இவ்வளவு சொன்னால் போதும். ஆனால் அவர் ஒவ்வொரு வாரமும் கூடவே, "மண் காஞ்சிருக்கு" என்றும் சொல்வார். யாரும் கேட்கவில்லை. தூறல் விழுந்த வாரங்களில், "இங்க மழை, இன்னைக்குக் குச்சி வெக்கல" என்பார். என்னைக் குத்திக் காட்டுகிற ஆள் இல்லை அவர். விதியைச் சொல்கிறார், அவ்வளவுதான். நான் அதை எழுதிக்கொள்ள வேண்டும், எழுதும்போது பென்சில் முனை உடைகிறது. இரண்டு வருஷமாக உடைகிறது.

போன மாதத்தோடு நூற்று நாலு புதன்கிழமை மேற்குக்கரையில் எறும்பு இல்லை. கரை சுத்தம் என்று அறிவித்துவிட்டார்கள். அதையும் சேர்த்துக் கொண்டாடத்தான் இந்த மலர். அட்டையில் நாலு கரையின் படம், உள்ளே வாழ்த்துரைகள், என் புகைப்படம்கூட ஒன்று இருக்கிறது, கையில் குச்சியோடு. அந்தக் கரையைக் காப்பாற்றியவர் பெயர் எங்கும் வரக் கூடாது, ஏனென்றால் அவர் மோசடிக்காரர்.

மேலதிகாரி அவர்களுக்கு, நீங்கள் கேட்ட இரண்டு பக்கம் நாலாகிவிட்டது. மலரில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் படித்துவிட்டுக் குப்பைக்கூடையில் போட்டுவிடாதீர்கள். இதன் நகல் ஒன்றை மேற்குக்கரை அதிகாரி அம்மாவுக்கு இன்றைய எட்டு மணிப் படகில் அனுப்பிவிட்டேன். வேலை போகும் என்று தெரியும், என் புருஷனிடம் நேற்றே சொல்லிவிட்டேன். என் கையெழுத்து ஊரில் எல்லாருக்கும் தெரியும். கடைசி எழுத்தின் வாலைப் பின்னால் இழுத்து, அடியில் ஒரு வளைகோடு போடுவேன். இதை எவனாலும் போட முடியாது என்று எத்தனையோ நாள் பீற்றிக்கொண்டிருக்கிறேன். குச்சியாராலும் முடியாது. இதோ கீழே போடுகிறேன். சீட்டு எண் நானூற்றுப் பதினேழை எடுத்து இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.